கிரேஸ் என்னும் என் வயிற்றெரிச்சல்

கிரேஸ் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது என் அம்மா. சென்னையில் காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அம்மா அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள்; அது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம். போனை எடுத்ததும், "ஏட்டி பேச்சி, கிரேஸு போயிட்டாட்டி" என்றாள். எங்கே போனாள் என்று கேட்டேன். அம்மா அழுதாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பேர் அழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அம்மா எங்கள் வீட்டிலிருந்து பேசவில்லை என்பது புரிந்தது. சங்கரன்கோவிலில், கிரேஸ் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

மூளையில் இரத்தக் கசிவு. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவள் கணவர் ஜெபசிங் முதலில் கூப்பிட்டுச் சொன்ன சிலரில் என் அம்மாவும் ஒருத்தி. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த எண்ணம் இதுதான்: எனக்குச் சொல்லாமல் அம்மாவுக்கு எப்படிச் சொன்னார்கள்? அவளோடு படித்தவள் நானா, என் அம்மாவா?

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அதனால் இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. நாங்கள் ஆய்வு மாணவிகளாக இருந்த காலத்தில் உடனிருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்திருப்பீர்கள். கிரேஸைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அவள் போன பிறகும் அது போகவில்லை. இந்த நினைவு மலருக்காகக் கட்டுரை கேட்ட பேராசிரியர், மரியாதைக்கு 'அவர்' என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்றார். ஒருவரைப் பார்த்து வயிறு எரிவதற்குக் கொஞ்சமாவது நெருக்கம் வேண்டும். 'அவள்' என்றே எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் நாங்கள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது முதல் பருவத்திலேயே பயன்பாட்டுப் பொருளாதார அளவியல் என்ற தாள் இருந்தது. எகனாமெட்ரிக்ஸ் என்றால்தான் எங்களுக்கே புரியும். முதுகலையில் நான் பல்கலைக்கழகத்தில் முதலிடம். தேற்றங்களை எல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதோடு சேர்த்துச் சொல்வேன். இந்தத் தாள் எனக்காகவே வைக்கப்பட்டது என்ற நினைப்போடுதான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "நீ கரிவலமா? நான் சங்கரங்கோயிலு. இனிமே பஸ்ஸுல துணைக்கு ஆளு கெடச்சாச்சு" என்றாள். அதுதான் கிரேஸ். தலைமையாசிரியர் மகள். அப்போது அவளைப் பார்த்தால் எதிலும் அவசரமில்லாத பெண்ணாகத்தான் தெரிந்தது.

அந்தத் தாளை நடத்திய வேலாயுதம் சார் முதல் பயிற்சியாக ஒரு பெரிய கணக்கெடுப்பின் தரவைக் கொடுத்தார். படிப்பு ஒரு வருடம் கூடினால் பெண்களின் கூலி எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து வரச் சொன்னார். எனக்கு அது வெல்லம். வயது, ஊர், சாதி, குடும்ப அளவு என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து, எது கூடினால் கூலி எவ்வளவு கூடும் என்று காட்டும் ரிக்ரஷன் கணக்கை ஓட்டினேன். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் நட்சத்திரக் குறி. இந்த எண் தற்செயலாக வந்திருக்காது என்று காட்டும் குறி அது. இந்தப் பக்கம் வராதவர்களுக்கு அதை மதிப்பெண் தாளில் ஆசிரியர் போடும் 'நன்று' என்று வைத்துக்கொள்ளலாம். என் அட்டவணை தீபாவளி வானம் மாதிரி இருந்தது. சார் பார்த்துவிட்டு, "ம். சரி" என்றார்.

கிரேஸின் முறை வந்தது. அவளிடம் ஒரு சின்ன அட்டவணைதான் இருந்தது. அதையும் காட்டாமல் அவள் கேட்டாள்: "சார், கூலி வாங்குற பொம்பளைங்க மட்டுந்தான இந்தக் கணக்குல இருக்காங்க? படிச்சிட்டு வேலைக்கே போகாம வீட்டுல இருக்கவங்க எங்க போனாங்க? அவங்களை விட்டுட்டு, படிச்சா இவ்வளவு கெடைக்கும்னு எப்படிச் சொல்ல முடியும்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த மாசம் நடத்த வேண்டிய பாடத்தை இந்தப் புள்ள இன்னிக்கே கேட்டுட்டு" என்றார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, பாடத்திட்டத்தை விட்டுவிட்டு, அந்தக் கேள்வியை எப்படி அணுகுவது என்று எழுதத் தொடங்கினார். மணி அடித்தும் நிறுத்தவில்லை. என் தீபாவளி வானம் மேசை மேல் கிடந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் அவளிடம் கேட்டேன். "முன்னாடியே படிச்சிட்டு வந்துட்டியா?"

"இல்லட்டி. எங்க அக்கா பி.எஸ்ஸி. ஃபர்ஸ்ட் கிளாஸு. கல்யாணம் முடிஞ்சு வீட்டுலதான் இருக்கா. அவள மாதிரி ஆளு அந்த டேட்டால எந்த வரிசைல இருக்கும்னு தேடிப் பார்த்தேன். காணல."

சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கிரேஸ் பேருந்தில் ஏறியதும் தூங்குவாள். அது உங்களுக்குத் தெரியும். நான் மட்டும் சங்கரன்கோவில் வரும்வரை விழித்திருந்தேன். எனக்கும்தான் ஒரு அக்கா படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நான் அவளைத் தேடவில்லை.

அந்தப் பருவம் முழுவதும் நான் அவளைவிட அதிகம் படித்தேன். தேர்வில் அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கினேன். ஆனால் சார் ஏதாவது புதிதாக யோசித்தால், "கிரேஸ், நீ என்ன நினைக்கே?" என்றுதான் கேட்பார். என்னிடம், "பேச்சி, அந்தச் சூத்திரம் என்ன?" என்று கேட்பார். இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அவளுக்குப் பாட வராது. இதை எழுதும்போது எனக்குச் சின்னத் திருப்தி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவில் நின்று, சுருதியே இல்லாமல், மிகுந்த சந்தோஷத்தோடு பாடுவாள். ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் போய்க் கேட்டேன். வாத்தியக்காரர் பாவம், அவளைத் துரத்திக்கொண்டே வாசித்தார். அவளால் முடியாத காரியம் ஒன்றாவது இருக்கிறதே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவளே, "நேத்து நான் பாடுனது கேட்டியா? கொடுமையா இருந்துச்சுல்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். அதிலும் எனக்குத் தோல்விதான். என்னால் முடியாததை என்னால் அப்படிச் சொல்லிச் சிரிக்க முடியாது.

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். அப்போதுதான் அது வந்திருந்தது. டவுன் பஸ் வரும் ஊர்களையும் வராத ஊர்களையும் எடுத்துக்கொள்வது. திட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்த ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போவது எப்படி மாறியது என்று ஒப்பிடுவது. பஸ் வராத ஊர்கள் எனக்கு ஒப்பீட்டு ஊர்கள். அங்கே திட்டம் தொடாததால், திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவை காட்டும். சுத்தமான வடிவம். சாருக்கும் பிடித்திருந்தது. ஒரு கருத்தரங்கில் படித்தபோது கைதட்டினார்கள்.

கரிவலம் பக்கத்து ஊர்களில் கேள்வித்தாளோடு அலைந்தபோது கிரேஸும் துணைக்கு வந்தாள். அவளுக்கு அவள் வேலை இருந்தது, ஆனாலும் வந்தாள். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் அம்மாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது அதுவரைக்கும் தெரியாது. யாராவது கேட்டால், "ஏதோ பெரிய கணக்கு" என்பாள். நானும் விளக்கியதில்லை, விளக்கினாலும் புரியாது என்பது என் எண்ணம். கிரேஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அத்த, ரெண்டு வயலு இருக்குன்னு வைங்க. ஒண்ணுக்கு மட்டும் புது ஒரம் போடுதிய. வெளைச்சல் கூடுது. ஒரத்தாலதான் கூடுச்சா, மழையாலயான்னு எப்படித் தெரியும்? போடாத வயலையும் பார்க்கணும்லா? இவ போடாத வயலத்தான் தேடிட்டு அலையுதா."

அம்மா அகப்பையோடு நின்றுவிட்டாள். "இவ்வளவுதானா? இதுக்கா இவ இத்தன வருசமா மொகத்த இப்படி வச்சிட்டுத் திரியுதா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா கிரேஸின் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் 'கிரேஸு புள்ள'. நான் சென்னைக்கு வந்த பிறகும் அவள் மாதம் தவறாமல் கரிவலத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை எனக்குச் சொன்னதும் அவள்தான். என் வீட்டுச் செய்தி எனக்கு அவள் வழியாக வரும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வயிறுதான் எரிந்தது.

பேருந்து ஆய்வு உடைந்த நாளைச் சொல்ல வேண்டும். ராயகிரிப் பக்கம் ஒரு நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அது டவுன் பஸ் வரும் ஊர். அங்கே என் வேலை முடிந்திருந்தது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு கூட்டமாக நின்றார்கள். கிரேஸ் சும்மா பேச்சுக் கொடுத்தாள். "அக்கா, நீங்க இந்த ஊரா?"

அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டி, வேறு ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னாள். என் ஒப்பீட்டு ஊர்களில் அது ஒன்று.

"அங்கனருந்து எப்படி வாரிய?"

"எங்க ஊருக்குத்தான் பஸ்ஸு வராதே. காட்டுப் பாதைல குறுக்க நடந்து வந்துருவோம். முன்னால டிக்கெட்டுக்கே கூலி பத்தாது, வீட்டுலயே கெடந்தோம். இப்ப ஓசிதான? நடக்கதுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் திரும்பி, "ஏட்டி, நம்ம ஊர்ல இருந்து இன்னிக்கு எத்தன பேரு வந்திருக்கோம்?" என்று கேட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் கை தூக்கினார்கள்.

திட்டம் தொடாத ஊர் என்று நான் எழுதி வைத்திருந்த ஊரின் பெண்கள் என் கண் முன்னாலேயே அந்த இலவச பஸ்ஸில் ஏறினார்கள். ஒப்பிடுவதற்கு எனக்கு ஊரே இல்லை. ஒன்றரை வருட வேலை. நான் பஸ்ஸில் ஏறவில்லை. கிரேஸும் ஏறாமல் என்னோடு நின்றாள்.

பஸ் போனதும், "இன்னிக்கே தெரிஞ்சது நல்லதுட்டி. வைவால எவனாவது கேட்டிருந்தா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்காக வருத்தப்பட்டாள், உண்மைதான். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷம். அந்தப் பெண்கள் குறுக்குப் பாதையில் நடந்து வருவதை அவள் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ என் ஆய்வேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதது ஆய்வு உடைந்ததற்காக என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு வாய்த்த அந்தச் சந்தோஷம் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்றுதான் அழுதேன்.

பல வாரங்கள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பேருந்தில் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டவில்லை. முன் இருக்கையில் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த எரிச்சலிலேயே நான் ஊர் ஊராகத் திரும்பப் போனேன். பஸ் வருகிற ஊர், வராத ஊர் என்று இரண்டாகப் பிரித்ததுதான் தவறு. பெண்கள் நடந்து வருகிறார்கள் என்றால், நிறுத்தத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அளவு. ஒவ்வொரு ஊரிலிருந்தும் அந்தக் குறுக்குப் பாதைகளில் நானே நடந்தேன். வெயிலில் நடந்து நடந்து கால் வெடித்தது. தூரம் கூடக் கூடத் திட்டத்தின் பலன் எப்படிக் குறைகிறது என்று ஒரு கோடு கிடைத்தது. முதல் வடிவத்தைவிட அது எவ்வளவோ நல்ல ஆய்வு. அந்த வரைபடத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எனக்குத் தோணியிருக்காதுட்டி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அன்று பேருந்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவளுடைய ஆய்வைப் பற்றிச் சங்கரன்கோவிலில் இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். விசைத்தறி வீடுகளில் தாய் மகளிர் குழுவில் சேர்ந்தால் மகள் கூடுதலாகப் படிக்கிறாளா என்பது அவள் கேள்வி. ஆம் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். குழுக்களில் இருந்த பெண்களே அப்படித்தான் சொன்னார்கள். அவள் தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேட்டி எடுத்து, தொண்டை கட்டிப்போய், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. எண் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றது.

வேலாயுதம் சார் நல்லவர். மாணவிக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நினைப்பவர். "வேற மாதிரி பிரிச்சுப் பாரேன். சின்னக் குடும்பங்களை மட்டும் எடுத்துப் பாரு, டவுனை மட்டும் பாரு. எங்கயாவது வரும்" என்றார். அப்படித் தேடினால் எங்காவது தற்செயலாக ஒரு நட்சத்திரம் வரத்தான் செய்யும். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். கிரேஸ் சிரித்தாள். "எத்தன சட்டைய மாத்திப் போட்டுப் பார்த்தாலும் ஆளு அதே ஆளுதான சார்?" சாரும் சிரித்து, அதோடு விட்டுவிட்டார்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அப்படி விடவில்லை. "இத்தனை வருடம் செலவழித்து, ஒன்றும் இல்லை என்று சொல்லவா வந்தீர்கள்?" என்று கேட்டார். அவளுடைய அப்பா முதல் வரிசையில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டம் கையைவிட்டுப் போகக்கூடிய நிமிடம் அது.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லல சார்" என்றாள் கிரேஸ். மேடையில்கூட அவள் நெல்லைத் தமிழை மாற்ற மாட்டாள். "பலன் இருந்தாலும் இருக்கலாம். ஆனா இவ்வளவு வீட்டைப் பார்த்தும் என் கண்ணுல படுற அளவுக்குப் பெருசா இல்லன்னு சொல்லுதேன். இருக்குன்னு சொல்லித்தான் எல்லா எடத்துலயும் எழுதியிருக்கு. எழுதினவங்க யாரும் எவ்வளவு உறுதியாத் தெரியும்னு எழுதல. நான் அத எழுதியிருக்கேன்."

தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார். பிழை வரம்பைப் பற்றிக் கேட்டார், மாதிரி அளவைப் பற்றிக் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். கடைசியில் அவர் எழுந்து வந்து அவள் அப்பாவுக்குக் கை கொடுத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் வைவா அதற்கு முந்தைய மாதம் நடந்து, எல்லாரும் பாராட்டி, சாக்லேட் கொடுத்து முடிந்திருந்தது. அன்று அவள் நின்ற இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். முதல் கேள்விக்கே உடைந்திருப்பேன்.

பிறகு சென்னையில் ஒரே வேலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். நேர்முகத்துக்குச் சேர்ந்தே போனோம். அவள் வீட்டுப் புளியோதரையைச் சேர்ந்தே சாப்பிட்டோம். வேலை எனக்குக் கிடைத்தது. தேர்வுக் குழுவிலிருந்த ஒருவர், என் நடைதூர வரைபடம்தான் முடிவு செய்தது என்று பிற்பாடு சொன்னார். நியாயமாகத்தான் ஜெயித்தேன். போன் பண்ணிச் சொன்னபோது, அவள் குரல் ஒரு வினாடியாவது தடுமாறும் என்று எதிர்பார்த்தேன். "ஐ, சூப்பருட்டி! எனக்கு இங்கனயே காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க. பசங்க விவரமா இருக்காங்க, நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அது நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்; அந்த விஷயத்தில் எனக்குப் பயிற்சி உண்டு.

கடைசியாக அவளைப் பார்த்தது இந்த வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது. திரும்பும் நாள் மாலை என்னை ரயிலேற்ற சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே தண்டவாளத்தைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றோம். வழக்கமான பேச்சு எல்லாம் முடிந்தபின், என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "உன்னப் பார்த்தா எனக்கு இன்னும் வயித்தெரிச்சலாத்தான் இருக்குட்டி."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்லா" என்றாள்.

"எப்பருந்து?"

"மொத கிளாஸ்லருந்தே. நீ முறைச்ச முறைல சாரே பயந்துட்டாரு." சிரித்து முடித்துவிட்டு, "எரியட்டும்டி. எரியுற வரைக்கும் நீ ஒழுங்கா வேல பார்ப்ப. அணைஞ்சிட்டா எனக்குத்தான் கவலை" என்றாள். ரயில் வந்தது. பையை ஏற்றிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேரும்போது தேவாலயம் நிறைந்திருந்தது. அவள் மாணவர்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்றார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வயல்காட்டுப் பிள்ளைகள். என் வகுப்பில் படித்தவர்கள் எனக்காக இப்படி நிற்பார்களா என்ற கணக்கு அந்த நேரத்திலும் மனதில் ஓடியது. அம்மா கிரேஸின் தாயார் தோளைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். எனக்கு இடம் கிடைத்தது பின்வரிசையில்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஒரு பெண் வந்து, "நீங்க பேச்சியம்மாள் மேடமா?" என்று கேட்டாள். கிரேஸின் மூன்றாம் ஆண்டு மாணவி. "உங்க பஸ் ஆராய்ச்சிதான் மேடம் எங்களுக்கு வருசா வருசம் மொத கிளாஸு. எப்படி ஒடைஞ்சுது, எப்படித் திரும்ப எழும்புச்சுன்னு கிரேஸ் மேடம் நடிச்சே காட்டுவாங்க."

என் தோல்வி அங்கே பாடமாக நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. "என்னப் பத்தி என்ன சொல்லுவா?" என்று கேட்டேன். கேட்டபோது, அவளும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்பட்டாள் என்று இந்தப் பெண் சொல்லிவிடமாட்டாளா என்று இருந்தது.

அந்தப் பெண் யோசித்தாள். "பிடிவாதக்காரின்னு சொல்லுவாங்க மேடம். 'அவ மாதிரி நடக்க ஆளு கெடையாது'ன்னு சொல்லுவாங்க." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கேட்க நினைத்தது அதுவல்ல. ஆனால் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று நான் அழ ஆரம்பித்தது அப்போதுதான். அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள், மறைந்தவரிடமிருந்து தாங்கள் எடுத்துக்கொண்டதைச் சொல்லி முடிப்பார்கள். அவளுடைய கேள்விகள் எனக்கு வராது. அவளுடைய தூக்கமும் வராது. நான் வைத்துக்கொண்டது அவள் அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன எரிச்சலை மட்டும்தான். போன வாரம் வகுப்பில் மழைக்கும் விவசாயக் கூலிக்கும் உள்ள தொடர்பை நடத்திக்கொண்டிருந்தேன். நான் பல வருடமாக நடத்துகிற பாடம். கடைசி வரிசையில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "மேம், மழை இல்லாத வருஷத்துல ஊரை விட்டே போயிட்டவங்களோட கூலியை நாம எந்த ஊர்க் கணக்குல எழுதுறோம்?" என்று கேட்டாள்.

எனக்கு அது தோன்றியதே இல்லை. அந்த நொடியில் வயிற்றுக்குள் ஏறிய சூட்டை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடப் பழக்கம். வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"முன்னால வந்து உக்காரும்மா" என்றேன். "இன்னொரு தடவ கேளு."